நூல் மாதிரி வரும் தண்ணீர்

ஸ்டெல்லா டெம்போவில் ஒரு மோட்டாரை ஏற்றிக்கொண்டு எங்கள் கேட்டில் வந்து இறங்கிய காலையில்தான், எங்கள் கம்பெனியில் யாருக்கும் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது எனக்கு உறைத்தது.

1991. நான் சர்வீஸ் பிரிவில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கம்பெனி இருந்த ஒரகடத்தைச் சுற்றி அப்போது வேர்க்கடலைக் கொல்லைகள்தான். எந்தப் பக்கம் போனாலும் ஏரி வரும், கடல் வராது. அங்கே உட்கார்ந்துகொண்டு மீன்பிடிப் படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டாரை அசெம்பிள் செய்துகொண்டிருந்தோம். ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு கிணற்று உறைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, அடியைப் பூசி, தண்ணீர் நிரப்பி வைத்திருந்தோம். அதன் விளிம்பில் மோட்டாரை மாட்டி ஓட்டிப் பார்ப்பதற்குப் பெயர் டெஸ்டிங். எங்களுக்குத் தெரிந்த கடல் அவ்வளவுதான்.

ஸ்டெல்லாவுக்குக் கோவளம் பக்கம் ஒரு குப்பம். கணவர் அந்தோணி அதுவரை பாய் கட்டி ஓடியவர், எங்கள் மோட்டார்தான் அவருடைய முதல் மோட்டார். அது நடுக்கடலில் சூடேறி, பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது. வேறு படகுக்காரர்கள் மறுநாள் பார்த்துக் கட்டி இழுத்து வந்தார்கள். அதிலிருந்து ஸ்டெல்லா அவரைக் கடலுக்கு விடவில்லை. அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றாள்.

மேனேஜர் நல்ல மனிதர். வேறு புது மோட்டாரே தருகிறோம், எடுத்துப் போம்மா என்றார். அவள் அசையவில்லை.

"புதுசும் இங்கேர்ந்துதானே சார் வருது? உள்ள இன்னா ஆச்சுன்னு எனக்குக் காட்டுங்க. தெரியாம அவர அனுப்ப மாட்டேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

தண்ணீர் போகும் வழி

ஸ்கூட்டர் எஞ்சினைக் காற்று ஆற்றும். லாரிக்கு ரேடியேட்டர் உண்டு. எங்கள் மோட்டாருக்கு இரண்டும் கிடையாது, ஓடுகிற தண்ணீரையே குடித்து ஆறிக்கொள்ளும். மோட்டாரின் கால் மாதிரி தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் பகுதியில் ஒரு சல்லடை இருக்கிறது. அதற்கு மேலே இம்பெல்லர் என்கிற ரப்பர் இறக்கைச் சக்கரம். புரொப்பெல்லரைச் சுற்றுகிற அதே ஷாஃப்ட் இதையும் சுற்றும். அது தண்ணீரை உறிஞ்சி ஒரு மெல்லிய குழாய் வழியாக மேலே தள்ளும். தண்ணீர் சிலிண்டரைச் சுற்றி வந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு கீழே கடலில் இறங்கிவிடும். அதில் கொஞ்சம் மட்டும் மூடிக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை வழியாக நூல் மாதிரி வெளியே பீய்ச்சும். ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான் அந்த ஓட்டையே. நூல் நின்றால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும்.

இதையெல்லாம் ஸ்டெல்லா பக்கத்தில் குந்திக்கொண்டு, ஒவ்வொரு பாகத்தையும் கையில் வாங்கிப் பார்த்துக் கேட்டாள். சல்லடையில் ஒரு பிளாஸ்டிக் பை சுருண்டு கிடந்தது. தண்ணீர் ஏறாததற்கு அதுதான் காரணம். ஆனால் நூல் நின்றதை அந்தோணி ஏன் பார்க்கவில்லை?

அவள்தான் சொன்னாள். மற்றவர்கள் மோட்டாரெல்லாம் ஒண்ணுக்குப் போகும், இவருடையது மட்டும் முதல் நாளிலிருந்தே போகாது. புது மாடல், ஒழுகாது என்று குப்பம் முழுக்கப் பெருமை பேசியிருக்கிறார்.

ஓட்டையில் கம்பியை விட்டுப் பார்த்தேன். உள்ளே சைக்கிள் டியூப் துண்டு ஒன்று உருட்டி அடைக்கப்பட்டிருந்தது. மேலே பெயின்ட் வேறு.

முனுசாமி

டியூபைப் பார்த்ததுமே யார் வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முனுசாமி மணிமங்கலத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், விவசாயக் குடும்பம். ஊரில் யார் பம்ப்செட் மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குழாய் ஜாயின்டில் தண்ணீர் பீய்ச்சினால் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை. பாய வேண்டிய தண்ணீர் வீணாவதை அவரால் பார்க்கவே முடியாது. எங்கள் அசெம்பிளி லைனில் வேலை செய்த அவரை, டெஸ்டிங் ஆள் லீவு போட்ட ஒரு நாள் டெஸ்டிங்கில் நிறுத்தியிருந்தார்கள். யாரும் அவருக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. அன்று அவர் கையில் வந்த மற்ற மோட்டார்கள் நல்லவேளையாக இன்னும் கோடவுனிலேயே கிடந்தன.

அவரே லைனை விட்டு வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"நான்தாங்க்கா அடச்சேன். ஒழுவுதுன்னு நெனச்சிட்டேன்."

ஸ்டெல்லா அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்த ரப்பர் துண்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"கடலுக்குப் போயிருக்கியாண்ணே?"

"இல்லக்கா."

"அப்ப நீயே சரி பண்ணு. பண்ணிட்டு அவரு கூட ஒரு நாளு போய் வா. அப்புறம் நான் நம்புறேன்."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முனுசாமி அதற்குள் தலையை ஆட்டிவிட்டார்.

பிஸ்டன், ரிங், இம்பெல்லர் எல்லாம் மாற்றினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், நானும் கூடப் போய்க் கரையில் நிற்க, முனுசாமி அந்தோணியோடு படகில் ஏறினார். கிணற்றில் குதித்து நீந்தியவர்தான், ஆனாலும் முதல் அலைக்கே பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மணலில் நின்றபோதுதான் என் வேலை என்னவென்று எனக்குப் புரிந்தது. நான் முடுக்குகிற ஒவ்வொரு போல்ட்டையும் நம்பி ஓர் ஆள் தண்ணீருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார். டெஸ்டிங்குக்கு வரும் பிள்ளைகளுக்கு இன்றும் இதைத்தான் சொல்கிறேன்: ஓட்டை எதற்கு என்று தெரியாதவரை அதில் கை வைக்காதே, கேள்.

வெயில் ஏறியபின் படகு திரும்பியது. முனுசாமி வாந்தியெடுத்துத் துவண்டிருந்தார், சட்டையெல்லாம் ஈரம். வலது கை மட்டும் துவைத்த துணி மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. போய் வந்த நேரம் பூராவும் அந்தக் கையை ஆள் எடுக்கவேயில்லை, மோட்டாரிலிருந்து பீய்ச்சுகிற அந்த நூல் தண்ணீரிலேயே வைத்திருந்தார் என்று அந்தோணி சொன்னார்.

"நிக்கவே இல்லக்கா," என்றார் முனுசாமி. "வெதுவெதுன்னு வந்துகினே இருந்துச்சு."

ஸ்டெல்லா அந்தக் கையைப் பிடித்துத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு கணவரிடம் திரும்பினாள்.

"நாளைக்குப் போய்ட்டு வாய்யா."