அஞ்சு கம்பி பான்ஜோவுக்கு டெனர் சுதி வச்ச கதை

ஆர்க்கெஸ்ட்ராவுல மாண்டலின் வாசிக்கிறவனுக்கு மேடையில ஒரே இடம்தான்: கீபோர்டுக்குப் பின்னால, பாடுற பொண்ணோட முந்தானை மறைக்கிற மூலை. என்னை மாதிரி மூலையில உட்கார்ந்தே பொழைக்கிற பாவப்பட்ட ஜன்மங்களே, உங்களுக்குத்தான் இதை எழுதறேன். வயசு அம்பத்திமூணு. பாலக்கோட்டுல ஒரு காம்பவுண்டுல ஒண்டிக்கட்டையா குடியிருக்கேன். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனாலும் சொல்லிடறேன். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், நான் வாசிக்கிற பாட்டை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேக்கணும். அவ்வளவுதான் என் ஆசை.

ஒண்ணு கூடுதல்

பான்ஜோன்னு ஒரு வாத்தியம். வட்டமா ஒரு மேளத்துக்கு நீளமா கழுத்து வச்ச மாதிரி இருக்கும். சத்தம் கணீர்னு வரும், கீபோர்டையே அமுக்கிடும்னாங்க. அதுல டெனர்னு ஒரு வகை. நாலே கம்பி. சுதியும் மாண்டலின் மாதிரிதான், ச-வுக்கு அடுத்தது ப-ன்னு தாவித் தாவி ஏறும். பழகின விரலை அப்படியே வைக்கலாம்.

பெங்களூர்ல பழைய வாத்தியக் கடையில போய்க் கேட்டா, அஞ்சு கம்பிதான் இருந்தது. அதுக்குச் சுதியே வேற. அஞ்சாவது கம்பி குட்டை; அதை முறுக்குற பிருடை, கழுத்துக்கு நடுவுல துருத்திக்கிட்டு நிக்குது. நான் தயங்கினேன். கடைக்காரர் விடுவாரா? "நாலு கேட்டீங்க, அஞ்சு தர்றேன். யாராச்சும் வேணாம்பாங்களா சார்?"

டணார்

குட்டைக் கம்பியைக் கழட்டிட்டு, மத்த நாலையும் டெனருக்கு முறுக்கினேன். கடைசிக் கம்பி ஏறுது, ஏறுது, இன்னும் ஒரு பொடிதான்... டணார்! கன்னத்துல கோடு. மாண்டலின் கம்பியைப் போட்டேன், பிருடை வரைக்கும் எட்டலை. கிடார் கம்பி எட்டுச்சு, ஆனா முனையில ஒரு பித்தளை உருண்டை, பான்ஜோ கொக்கியில மாட்ட விடலை. அதைக் குறடால நசுக்கி எடுத்துட்டு மாட்டினா, மறுபடியும் டணார். இந்தத் தடவை மூக்கு.

மருந்துக்கடைக்காரர் பார்த்துட்டு, "பூனைங்களா?"ன்னார். கம்பிங்கன்னேன். பஞ்சுல மருந்தைத் தொட்டு ஒத்திக்கிட்டே கேட்டார்: "இதெல்லாம் வேணாம்னு சொல்றதுக்கு வூட்ல யாரும் இல்லீங்களா?"

மாரண்டஹள்ளி மேடை

அறுந்துடுமேன்னு பயந்து, கம்பியைக் கொஞ்சம் தளர்த்தியே வச்சுக்கிட்டுக் கோயில் பண்டிகைக்குப் போனேன். முதல் பாட்டுலயே நாலும் நாலு பக்கம் இழுத்துச்சு. பாடுற பொண்ணு திரும்பித் திரும்பி முறைக்குது. எங்க ட்ரூப் ஓனர் என்னைவிட இருபது வயசு சின்னவர், மரியாதை தெரிஞ்ச பையன். மெதுவா வந்து என் மைக்கை அணைச்சார். "அண்ணா, நீங்க சும்மா புடிச்சிக்கிட்டு நில்லுங்க. போட்டோவுக்கு நல்லா இருக்கு."

ஏரியூர் பஸ்

ஏரியூருக்குக் கச்சேரிக்குப் போறப்போ பக்கத்து சீட்டுல ஒரு விவசாயி. "ஏனுங்க, அது என்ன, சோத்து வட்டலா?"ன்னார். வாத்தியம்னதும், "எங்க, ஒண்ணு வாசிங்க பாக்கலாம்"னுட்டார். மனுசன் கேட்டுட்டாரேன்னு மடியில எடுத்து வச்சேன். அவசரமா சுதி சேர்த்து, பல்லவி முடிச்சு, சரணத்துக்குப் போறேன். அவரு மூட்டையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டார். "நம்ம ஊரு வந்துடுச்சுங்க. மீதியை நாளைக்கு வாசிங்க."

எதிர் போர்ஷன்

தினம் காத்தால முறுக்கிப் பார்த்து ஒரு வருஷம் ஓடினப்புறம், ஒரு நாள் காலையிலதான் எனக்குப் புத்தி வந்தது. மேல ஏறாததைக் கீழ இறக்கினா என்ன? தடிச்ச கிடார் கம்பியா பார்த்துப் போட்டு, மாண்டலினுக்கு ஒரு ஸ்தாயி கீழ வச்சேன். அறுந்தும் போகலை, தொங்கவும் இல்லை. ஒரு பாட்டை முழுசா வாசிச்சு முடிச்சேன். கேக்கத்தான் யாருமில்லை. அந்தச் சந்தோஷத்தை யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு தெரியாம, எழுந்து போய்த் தண்ணி குடிச்சேன்.

பத்து மணிக்கு எதிர் போர்ஷன் செல்வி வாசல்ல வந்து நின்னாங்க. லைன்மேன் சம்சாரம். அவங்க குடிவந்து எட்டு மாசம் ஆச்சு. "தண்ணி வந்துடுச்சுங்களா"ங்கிறதுக்கு மேல ரெண்டு பேரும் பேசினதில்லை. அவங்க வீட்டுக்காரருக்கு அரூருக்கு டிரான்ஸ்ஃபராம். அவங்க வூட்டுச் சாமானெல்லாம் மினி லாரியில ஏறிட்டிருக்கு. சொல்லிட்டுப் போக வந்தவங்க, கிளம்பாம நின்னாங்க.

"காத்தால முழுப்பாட்டும் கேட்டனுங்கண்ணா. இன்னிக்குத்தான் நாலும் ஒண்ணா சேர்ந்துச்சு. எட்டு மாசமா, நாளைக்குச் சேர்ந்துடும், நாளைக்குச் சேர்ந்துடும்னு நானும் அடுப்படியில காத்துட்டுதாங்க இருந்தேன்."

இத்தனை வருஷ மேடை வாழ்க்கையில எனக்கும் ஒரு ரசிகை இருக்காங்கன்னு நான் தெரிஞ்சுக்கிட்டது, அவங்க பீரோவை லாரியில ஏத்தின அன்னிக்குத்தாங்க.