பெரும்பாடு

எங்கள் ஏரியில் மீன் குறையக் குறைய ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். இறால் பருவம் பொய்த்தாலும் பொய்க்கும், அவர்கள் வரத்து பொய்க்காது. பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அடையாளம் தெரிந்துவிடும். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில், எதிரில் வருகிற நாய்க்கும் சேர்த்து ஒரு சிரிப்பு. அவர்களை ஊருக்குள் கூட்டிப்போய் யார் பேசுவார்கள், யார் விரட்டுவார்கள் என்று சொல்வதும், எங்கள் பேச்சு பிடிபடாதபோது எடுத்துச் சொல்வதும் என் வேலையாகிப்போனது. பி.ஏ. இங்கிலீஷ் முடித்து, மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கொஞ்ச நாள் நின்று, அந்த வேலையும் போய் நான் வீட்டில் இருந்த சமயம்.

என் போனில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. ஜி.பி.எஸ். தம்பி, பாட்டு சார், கடன் மேடம், பிரஷர் மேடம் என்றுதான் போட்டு வைத்திருந்தேன். தம்பி இன்ஜினியரிங். எங்கே வலை போட்டால் மீன் கிடைக்கும் என்று போனிலேயே காட்டுகிற ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். சார் தமிழ் இலக்கியம், மீனவர் பாட்டுகளைத் தேடி வந்தவர். கடன் மேடம் காமர்ஸ். மீன் விற்கிற பெண்கள் யாரிடம் கடனுக்கு வாங்கி யாருக்கு விற்கிறார்கள் என்பது அவர் படிப்பு. நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்தவர் பிரஷர் மேடம். உலகத்தில் இத்தனை விதமான படிப்பு இருக்கிறது என்பதே அவர்கள் வந்துதான் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது. ஒருவருக்கு ஒருவர் சம்பந்தமே கிடையாது. ஆனால் எல்லோரும் கடைசியில் என் அண்ணி வீட்டு வாசலில்தான் வந்து உட்காருவார்கள்.

அண்ணி என் பெரிய அண்ணன் பெண்டாட்டி. விடிவதற்கு முன்னால் கரையில் மீன் எடுத்து, பஸ் பிடித்து மீஞ்சூருக்குப் போய்த் தெருத்தெருவாக விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவாள். வாய் ஓயாது. கூடையைத் தலையிலிருந்து இறக்குவதற்குள் நாலு கதை சொல்லி முடித்துவிடுவாள். பேட்டி எடுக்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒருத்தர் எழுதிக்கொண்டு போய் அடுத்தவருக்குச் சொல்ல, 'நன்றாகப் பேசுகிற அந்த அம்மா' என்று ஊர் பேர் தெரியாத காலேஜிலெல்லாம் அண்ணி பிரசித்தம்.

ஆடி மாதம் ஒரு நாள் குழாயடியில் அண்ணி என்னைத் தனியாக நிறுத்தி, "எனக்குப் பெரும்பாடுடி" என்றாள்.

மாதாமாதம் வருவது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆம்பிளை காதில் விழுந்தால் ஏதோ கஷ்டம் என்று நினைத்துக்கொள்வான், பெண்ணுக்குப் புரிந்துவிடும். எத்தனை நாளாக என்று கேட்டேன். சித்திரையிலிருந்து என்றாள். இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. மீன் கூடைத் தண்ணீர் முதுகெல்லாம் வழிந்து புடவை எப்போதும் நனைந்தே இருக்கும். அந்த ஈரத்தில் எந்த ஈரமும் தெரியாது. நிற்கப் போகிற வயசு, அப்படித்தான் போகும், அண்ணனிடம் சொல்லாதே என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

என்னிடம் சொன்ன பிறகு அவளுக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் அதே சொல்தான். ஜி.பி.எஸ். தம்பி கேட்டான், பெரும்பாடுதான் தம்பி என்றாள். எங்கள் ஏரியில் வலை போடுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர், போடுகிற முறைக்கும் அதே பெயர்தான். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, அது எந்தத் திசை, சுண்ணாம்புக்குளம் பக்கமா, ஆழம் எவ்வளவு என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி என் தொடையைக் கிள்ளினாள். ரொம்ப ஆழம் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பாட்டு சார் பாடச் சொன்னார். பாடுகிற நிலைமையிலா இருக்கிறேன், பெரும்பாடு சார் என்றாள். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெரும்பாட்டு என்று தனியாக ஒரு வகை இருக்கிறதா, இரண்டு வரியாவது கிடைக்குமா என்று ரெக்கார்டரைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

கடன் மேடம் பெண்தானே என்று அவரிடம் நானே விளக்கிச் சொன்னேன். ஐயோ பாவம் என்றார், உண்மையாகவே கண் கலங்கினார். ஆனால் அவர் கையிலிருந்த கேள்விகளில் வட்டியும் சரக்கும்தான் இருந்தன. தொழிலில் உள்ள சிரமங்கள் என்ற இடத்தில் அண்ணியின் சொல்லை அப்படியே எழுதிக்கொண்டார்.

பிரஷர் மேடத்தைத்தான் நான் மலைபோல நம்பியிருந்தேன். அவருக்காக வெயிலில் பஸ் நிறுத்தத்திலேயே காத்து நின்றேன். பட்டணத்திலேயே வளர்ந்த பெண், அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அண்ணியின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அழுத்தம் கம்மியாகத்தான் இருக்கிறது, கூடுதலாக இருப்பவர்கள்தான் எங்கள் ஆய்வுக்குள் வருவார்கள் என்றார். அசதிக்கு டானிக் சாப்பிடலாம், பக்கத்தில் டாக்டரிடம் காட்டுங்கள் என்றும் சொன்னார். நல்ல பெண்தான். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. அண்ணியின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று, பிரஷர் இல்லை என்பது.

அதற்குப் பிறகு அவளை அசைக்க முடியவில்லை. பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை இழுத்துக்கொண்டு போனேன். சத்து மாத்திரை கொடுத்து, பொன்னேரிக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். வாசலைத் தாண்டியதும் பொன்னேரிக்கு வரமாட்டேன் என்றாள். கெஞ்சினேன். சண்டை போட்டேன். இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. கூடையைத் தூக்கிவிட இப்போது ஒருத்தி போதவில்லை, இரண்டு பேர் வேண்டியிருந்தது. எங்கேயாவது பஸ்ஸில் விழுந்து செத்துப்போவாள் என்று தினமும் மத்தியானம் வரை பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். சத்தியமாவது மண்ணாவது, அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன் என்று நான் கத்தின அன்றுதான் அவள் மனதில் இருந்தது வெளியே வந்தது.

"நாலு பேரு வந்து எழுதிக்கினு போயிருக்காங்க. எல்லாம் பெரிய பெரிய படிப்பு. பெரிசா ஏதாவது இருந்தா அவங்க சொல்லியிருக்க மாட்டாங்களா? நீ இன்னா அவங்களவுட படிச்சவளா?"

எழுதிக்கொண்டு போனால் எங்கேயோ ஒரு இடத்தில் அது சேர்ந்துவிட்டது, யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று அவள் மனதார நம்பினாள். ஒருத்தர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, படிப்புக்குப் படிப்பு நடுவில் சுவர் என்று நான் எவ்வளவோ சொன்னேன். படித்தவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமலா இருப்பார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அன்று ராத்திரியே அண்ணனிடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, மழை விடட்டும், கூட்டிக்கொண்டு போகலாம் என்றான்.

மழை விட்ட சமயம் பட்டணத்துக் காலேஜ் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. தொழில்நுட்பம், மருத்துவம், இலக்கியம், வணிகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கருத்தரங்கம். எங்கள் ஏரியைப் பற்றியும் படிக்கப் போகிறார்கள், நாலு பேரும் வருவார்கள், அண்ணிக்குப் பொன்னாடை போடுவார்கள். எனக்கு வேண்டாமென்றுதான் தோன்றியது. பட்டணம் வரைக்கும் வந்துவிட்டால் அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடலாம் என்ற ஒரே எண்ணத்தில் சரி என்றேன். அண்ணி கல்யாணத்துக்குப் போகிறவளைப் போலப் புறப்பட்டாள். மகள் வளைகாப்புக்கு எடுத்த வெளிர் மஞ்சள் புடவை. அன்றைக்குக் கூடை இல்லை, மீன் தண்ணீர் இல்லை.

ஏ.சி. போட்ட ஹால். எங்களை முன் வரிசையில் வெள்ளை உறை போட்ட நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஜி.பி.எஸ். தம்பி திரையில் எங்கள் ஏரியைக் காட்டினான். நீலத்தில் நிறையப் புள்ளிகள். வடக்கே ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் பெரும்பாடு என்று தமிழில் எழுதி, ஒரு கேள்விக்குறி. அண்ணி எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். உதட்டை அசைத்து அதைப் படித்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா, என் வியாதியப் போட்டிருக்காங்க."

அடுத்து கடன் மேடம். அவர் கட்டுரையின் தலைப்பே மீன் விற்கும் மகளிரின் பெரும்பாடு. கை தட்டினார்கள். அதற்கடுத்து பாட்டு சார், பெரும்பாட்டு என்னும் வகை இன்று வழக்கொழிந்துவிட்டதாகத் தெரிகிறது என்று வருத்தத்தோடு சொன்னார். ஒவ்வொரு தடவையும் திரையில் அந்தச் சொல் வந்தபோது அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. அத்தனை படித்தவர்களும் ஒன்றாகக் கூடித் தன் வியாதியைத்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவள் சொன்னதுதான் சரி, எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், நான்தான் நம்பாமல் சண்டை போட்டேன் என்பதுபோல என்னைப் பார்த்தாள். என் காதில் வாயை வைத்துக் கேட்டாள்.

"மருந்து எப்ப சொல்லுவாங்க?"

எழுந்து அந்த மைக்கைப் பிடுங்கிக் கத்தவேண்டும்போல இருந்தது. வா அண்ணி, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று அவள் தோளைத் தொட்டேன். அதற்குள் பொன்னாடைக்கு அழைத்துவிட்டார்கள். அவள் எழுந்து இரண்டு எட்டு வைத்தாள். கை தட்டிக்கொண்டிருந்தவர்களில் பின் வரிசைக்காரர்கள் முதலில் நிறுத்தினார்கள். நான் திரும்பி நாற்காலியைப் பார்த்தேன். வெள்ளை உறை முழுக்கச் சிவப்பு. மஞ்சள் புடவையிலும் முழங்கால் வரை இறங்கியிருந்தது. அண்ணி யாரையோ தேடுகிறவளைப் போல ஒரு சுற்றுத் திரும்பி, அப்படியே சரிந்தாள்.

பிரஷர் மேடம்தான் ஓடிவந்து தாங்கினார். நாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்திலும் ரத்தம் இல்லை. இதைத்தான் அன்றைக்குச் சொன்னீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொன்னாடையையே சுற்றி, காலேஜ் வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

கர்ப்பப்பை வாயில் புற்று, ஆபரேஷன் செய்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். தகவல் கேட்டு வந்த அண்ணன் வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணி மாசி வரைக்கும் இருந்தாள். அந்த நாட்களில் வலியும் வேதனையும் எவ்வளவோ பார்த்தோம். ஆனால் வார்டில் சேர்த்த மறுநாள் காலைதான் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அன்றைக்கு ஒரு சின்ன டாக்டர் பெண் வந்தாள். மேல்படிப்பு படிக்கிறாள், பெண்களுக்கு வருகிற இந்த வியாதியைப் பற்றித்தான் ஆராய்ச்சி, கொஞ்சம் கேள்வி கேட்கலாமா என்றாள். நான் அவளை அடிக்கவே எழுந்துவிட்டேன். கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்த அண்ணி, கேட்கட்டும் விடு என்று கண்ணாலேயே என்னை அடக்கினாள்.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். எத்தனை நாளாகப் போகிறது, எவ்வளவு போகிறது, வலி எங்கே, நாற்றம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா. வந்தவர்களில் ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். அண்ணி ஒவ்வொன்றுக்கும் கதை எதுவும் கலக்காமல் நேராகப் பதில் சொன்னாள். கடைசியாக அந்தப் பெண் கேட்டாள், "இவ்வளவு நாளா ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

அண்ணிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"சொன்னனே பாப்பா. வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னனே. எழுதிக்கினாங்களே."

அந்தப் பெண் சரிம்மா சரிம்மா என்று தலையை ஆட்டிக்கொண்டே இங்கிலீஷில் எழுதினாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் அதைத் தலைகீழாகப் படித்தேன். நோயாளி இதுவரை யாரிடமும் தெரிவிக்கவில்லை என்று எழுதியிருந்தாள்.