குளிர் அறை வாசலில் ஒரு சோடிச் செருப்பு

போன கிழமை கட்டுகஸ்தோட்டையில் கோழி வாங்கப் போன கடையில், பின்னால் இருந்த குளிர் அறையின் கதவை யாரோ திறந்தார்கள். ஈரக் காட்போர்ட்டும் பழைய மீனும் கலந்த அந்த வாடை வந்ததும் என் கண் தானாகத் தரைக்குப் போனது. செருப்பு இல்லை. "உள்ளுக்குள்ள ஆள் இருந்தா எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். காசாளர் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அதுக்கு மணி இருக்கு அங்கிள்" என்றாள்.

அந்த ஊர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், முன்பு நான் மேற்பார்வையாளராக இருந்த களஞ்சியத்தின் குளிர் அறையில் மணி இல்லை. உள்ளிருந்து திறக்கும் பிடியும் உடைந்திருந்தது. திருத்தச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். பிரதிகள் கோப்பில் ஒழுங்காக இருந்தன. பிடி உடைந்தபடியே இருந்தது. ஆகவே பன்னிரண்டு விதிகள் எழுதி ஒட்டினேன். நான்காவது விதி: உள்ளே போகிறவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு பூட்ஸ் போடவேண்டும், செருப்பு கிடக்கும்வரை கதவைப் பூட்டக்கூடாது.

"பன்னெண்டு எழுதுனீங்க ஐயா, கடைசில காவலுக்கு நிக்கிறது என் பிஞ்ச செருப்புதான்" என்பார் பெட்டி தூக்கும் செல்லையா. வார் அறுந்து ஊக்குக் குத்திய நீலச் செருப்பு. சாவி, எல்லாரும் நானா என்று கூப்பிட்ட ஃபாரூக்கிடம். குனிந்து பார்க்காமல் அவர் ஒருநாளும் பூட்டியதில்லை.

அன்று பின்னேரம் பேய் மழை. என் சப்பாத்து தோல், அதுவும் புதிது. எதிர்க்கடையில் ஒரு பிளேன்டீ, ஐந்து நிமிடம்தானே என்று, வாசலில் கிடந்த செல்லையாவின் செருப்பைக் கொழுவிக்கொண்டு போனேன். மழை விடவில்லை. இரண்டாவது பிளேன்டீயும் குடித்தேன். கடைக்காரருக்கு என் விதிகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்ததாக ஞாபகம்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, பழக்க தோஷத்தில் செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தேன். அதற்குப் பிறகுதான் பூட்டைப் பார்த்தேன். வாசல் வெறுமையாக இருக்கவே, நானா பூட்டிவிட்டுத் தொழப் போயிருந்தார்.

நான் கத்திய சத்தத்தில் ஓடி வந்து திறந்தார். செல்லையா நனைந்த சட்டையோடு கதவடியில் சுருண்டு கிடந்தார். உயிர் இருந்தது. இரும்பைத் தட்டித் தட்டி விறைத்துப்போன வலது கையில் நான்கு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள்.

கூடி நின்ற எல்லாரும் பார்த்தார்கள்: செருப்பு வாசலில் இருந்தது.

"அல்லாஹ் மேல சத்தியமா செருப்பு இரிக்கல்ல சேர். குனிஞ்சு பாத்துட்டுத்தான் பூட்டின. நீங்களாச்சும் நம்புறீங்களா?"

"விசாரணை முடியட்டும் நானா" என்றேன்.

அறிக்கையை எழுதியதும் நான்தான். "கதவு திறக்கப்பட்டபோது செருப்பு உரிய இடத்தில் காணப்பட்டது." பொய்யில்லாத வசனம். இன்றைக்கும் அதில் ஓர் எழுத்தை மாற்ற இடமில்லை. நானாவின் வேலை போனது. தன் ஊரான கெலிஓயாவில் அவர் சாகும்வரை 'ஆள உள்ள வச்சுப் பூட்டின மனுசன்'தான்.

களஞ்சியம் இருந்த இடத்தில் இப்போது வாகனம் நிறுத்துகிறார்கள். செல்லையா தான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிப்போய் அங்கேயே முடிந்துபோனார். நானாவின் ஜனாஸாவுக்குப் போனேன். வீட்டு வாசல் முழுக்கச் செருப்பு. என்னுடையதையும் கழற்றி வைத்தேன்.

"வாங்க சேர், இரிங்க. வாப்பா உங்களப் பத்தி நல்லாத்தான் சொல்லுவார்" என்றான் மகன்.

அன்று குளிர் அறை வாசலில் செருப்பு இருக்கவில்லை என்று சொல்லக்கூடிய ஆள் இனி நான் ஒருவன்தான். கதிரையில் உட்கார்ந்து, தந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.