சுவர் காயும் வரை

ராஜா ஜெர்மனி முழுவதற்கும் சக்கரவர்த்தியாகி, பெர்லின் தலைநகரமான பிறகு அங்கே வீடு கட்டாத தெருவே இல்லை. ஒட்டிலி இரண்டு வருடத்தில் ஐந்து புது வீடுகளில் குடியிருந்துவிட்டாள். கூரையெல்லாம் சுண்ணாம்புப் பூவேலை, ஆளுயர ஜன்னல்கள். ஆனால் பூச்சு ஈரம் காயாத வீடுகள். பெரிய மனிதர்கள் ஈரத்தில் குடிவர மாட்டார்கள். அதனால் அவளைப் போன்றவர்களைக் குறைந்த வாடகைக்கு முதலில் வைப்பார்கள். அவர்கள் அடுப்பெரித்து, மூச்சுவிட்டுச் சுவரைக் காயவைக்க வேண்டும்; மனித மூச்சுப் பட்டால் சுண்ணாம்பு சீக்கிரம் இறுகும். காய்ந்ததும் அடுத்த ஈர வீட்டுக்குப் போக வேண்டும்.

கணவன் ஆல்வின் செங்கல் சுமந்தான். அவள் துணி வெளுத்தாள். ஆறு வயது மகள் லேனெ நாலாவது வீட்டில் இருமத் தொடங்கினாள்.

ஐந்தாவது வீட்டுக்கு அவர்கள் கோடையில் வந்தார்கள். அக்டோபருக்குள் சுவர் வெளுத்து, லேனெயின் இருமலும் நின்றது. உருளைக்கிழங்கு சூப்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள். ஒட்டிலிக்கு அதுதான் பயமாக இருந்தது. குழந்தை தேறிவிட்டால் சுவர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பனிக்காலத்தில் இன்னொரு ஈர வீட்டை லேனெ தாங்க மாட்டாள்.

திங்கட்கிழமைதோறும் வீட்டுக் காரியஸ்தர் பாகல் வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

"அநேகமா காஞ்சுடுச்சு. அடுத்த வாரம் கிளம்பிடலாம்."

"ஐயா, வசந்தம் வரைக்கும் இருந்துக்கறோமே. குழந்தைக்கு இப்பத்தான்..."

"சக்கரவர்த்தி அரண்மனையில கேட்டுப் பாரேன், அங்க ரூம் நிறைய இருக்கு." அவரே சிரித்துக்கொண்டார். "நாடகசாலையில பிடில் வாசிக்கிறவர் வரப்போறாரும்மா. ஈரம் பட்டா பிடில் பாழாயிடுமாம். நல்லா காயாம வரமாட்டேங்கறாரு."

அந்தக் கடைசி வார்த்தை அவள் மனதில் தங்கிவிட்டது. அடுத்த திங்கள் காலை, துணி வெளுக்கும் வாளியில் கந்தலை முக்கி ஜன்னலோரச் சுவரைத் துடைத்துவைத்தாள்.

"என்னம்மா இது? நீங்க மூணு பேரும் மூச்சு விடறீங்களா இல்லையா?" என்றார் பாகல். ஒரு வாரம் நீட்டித்தார். பிறகு இன்னொரு வாரம்.

"நான் ஊருக்கு வீடு கட்டறேன், நீ உக்காந்து கெடுத்துக்கிட்டிருக்க. பலே கெட்டிக்காரிடி!" என்றான் ஆல்வின். ஒட்டிலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

மூன்றாவது திங்களுக்குள் உறைபனி வந்துவிட்டது. அவர்கள் வாங்கிய நிலக்கரி அந்த உயரமான அறைக்குப் போதவில்லை. நனைத்த இடம் காயாமல் பக்கத்துச் சுவருக்கும் பரவிக் கறுத்தது.

"அம்மா, சுவருக்கு வேர்க்குது," என்றாள் லேனெ. சொல்லிவிட்டு இருமினாள். ஒட்டிலி கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, அடுத்த இருமல் வருகிறதா என்று காத்திருந்தாள். வந்தது.

அதன்பின் அவள் சுவரைத் தண்ணீரால் தொடவில்லை. உலர்ந்த துணியால் ஒற்றினாள். சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்திப் பார்த்தாள். ஆல்வினின் சட்டையைக்கூட விரித்து ஒட்டவைத்தாள். ஈரம் உள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை பாகல் கையை வைத்தார். உடனே எடுத்துக் கோட்டில் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, காஞ்சுடுச்சுன்னு எழுதிடுங்க. நாங்க கிளம்பிடறோம்," என்றாள் ஒட்டிலி.

"எங்க காஞ்சுது? சொதசொதன்னு இருக்கு! இனிமே எந்த வீட்டுக்குப் போனாலும் இதேதான்மா, எல்லாம் பனியில பூசினது. பிடில்காரர் வேற வீடு பாத்துக்கிட்டாரு. நீ கேட்ட மாதிரியே வசந்தம் வரைக்கும் இருந்துக்கோ."

நல்லது செய்துவிட்ட முகத்தோடு அவர் படியிறங்கினார். ஒட்டிலி கதவைச் சாத்திவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த லேனெயோடு சேர்த்துக் கட்டிலை இழுத்தாள். நாலு சுவருக்கும் எட்டாதபடி அறையின் நட்டநடுவில், கூரைப் பூவேலைக்கு நேர் கீழே கொண்டுவந்து நிறுத்தினாள்.