கரையில் ஒரு கேப்டன்

போனை எடுத்தால் கேப்டன் ஹலோ சொல்வதில்லை. “ஏறுற ஊரும் இறங்குற ஊரும் ஒண்ணுதானா, பாத்தீங்களா?” என்றுதான் ஆரம்பிப்பார். அழைத்தவர் சிலிண்டர் போடுகிறவராக இருந்தாலும் அதே கேள்விதான். அவர் ஒருமுறை சற்று யோசித்துவிட்டு, “ரெண்டும் உங்க தெருதான் சார்” என்றாராம்.

பொழுது சாய்கிற வேளையில் பால்கனியில் நாற்காலியைப் போட்டு, மடியில் தலையணை, தலையணையின் மேல் மடிக்கணினி என்று உட்கார்ந்துவிடுவார். சொகுசுக் கப்பலில் போய்வர ஆசைப்படும் சொந்தக்காரர்கள், அவர்களுடைய சம்பந்திகள், மனைவி வேலை பார்க்கும் மருத்துவமனையின் டாக்டர்கள் என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். யாரிடமும் சல்லிக்காசு வாங்கமாட்டார். சொன்ன பேச்சைக் கேட்காதவர் மறுபடி கூப்பிட்டால் மட்டும் இரண்டு முறை மணி அடிக்கவிட்டு எடுப்பார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மனிதரை முதன்முதலில் கேப்டன் என்று கூப்பிட்டது அவருடைய மைத்துனர்தான். கேலிக்கு வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதில் ஒரு சங்கதி உண்டு. கேப்டன் இன்றுவரை கப்பலில் கால் வைத்ததில்லை. கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. அவருடைய மனைவிக்குத் தெரியும். தெருவே நர்சம்மா என்று கூப்பிடும் அவருக்கு, இந்த விஷயத்தில் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தேதான் வரும்.

பள்ளிக்கூடத்தில் கேப்டனுக்குக் கணக்கைவிடப் பெரிய வேலை கால அட்டவணை போடுவது. எந்த வாத்தியாரும் சும்மா உட்காரக் கூடாது, எந்த வகுப்பும் ஆளில்லாமல் கத்தக் கூடாது. விடுமுறை முழுக்கக் கூடத்துத் தரையில் சின்னச் சின்ன அட்டைகளைப் பரப்பி நகர்த்திக்கொண்டிருப்பார். நர்சம்மா அவற்றைத் தாண்டித் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டும். ஓய்வு பெற்ற மறுவாரமே மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தச் சமயம் பார்த்து மைத்துனர் ஒரு கப்பல் விளம்பரத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டுப் போனார். எந்த நாள் எந்தத் துறைமுகம், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கட்டம் கட்டி அச்சடித்திருந்தது. கேப்டனுக்கு அதில் கடல் தெரியவில்லை, கால அட்டவணை தெரிந்தது. அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

“கப்பல் நமக்காக நிக்காது. முந்தின நாளே போய் அந்த ஊர்ல தூங்குங்க” என்பது எல்லாருக்கும் அவர் சொல்லும் முதல் பாடம். கப்பல் கம்பெனியே ஃப்ளைட்டும் போட்டுத் தருகிறதாமே என்று இழுப்பவர்களுக்கு, “அவங்க போட்டா பொறுப்பு அவங்களது, வழியும் அவங்க இஷ்டம். நாமளே போட்டா வழி நம்ம இஷ்டம், லேட்டானா அழுகையும் நம்மளது. எது வேணும், சொல்லுங்க” என்பார். நாமே போடுவதென்றால் மாறி ஏறும் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தாக வேண்டும். “தனித்தனியா எடுத்தீங்கன்னா முதல் ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவது போயிடும். அந்தக் கம்பெனிக்காரன் கையை விரிச்சிடுவான்.” திரும்புகிற அன்று காலை விமானம் போட்டிருந்தால் கோபமே வந்துவிடும். “கப்பலே பெட்டியோட வரிசையில நிக்குது, நீங்க மட்டும் எப்படி முன்னாடி ஓடுவீங்க? மத்தியானத்துக்கு மேல போடுங்க.”

அறை விஷயத்தில் இன்னும் கறார். “உங்க தலைக்கு மேலயும் ஆள் தூங்கணும், காலுக்குக் கீழயும் ஆள் தூங்கணும். மேல டான்ஸ் ஹால், கீழ சமையல்கட்டுன்னா நீங்க தூங்கின மாதிரிதான்.” வயிற்றைப் புரட்டும் என்று பயப்படுகிறவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம். மாத்திரையும் ஒரு மாற்றுத்துணியும் கைப்பையில் இருக்க வேண்டும், பெரிய பெட்டி அறைக்கு வந்துசேரச் சாயங்காலமாகிவிடும். கண்ணால் பார்க்காத கப்பலில் ஐஸ்கிரீம் எந்தத் தளத்தில், எந்தப் படிக்குப் பக்கத்தில் கிடைக்கும் என்று நேரில் நின்று பார்த்ததுபோலச் சொல்வார். போய்வந்தவர்களும், “நீங்க சொன்ன இடத்துலயே இருந்துச்சு சார்” என்று பூரித்துப்போவார்கள். அன்று முழுக்கக் கேப்டனுக்கு வாயெல்லாம் பல்.

அடுத்தவர் குழப்பம் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அந்த மைத்துனரே ஒருமுறை சொந்தப் புத்தியில் டிக்கெட் எடுத்து மாட்டிக்கொண்டார். கப்பல் ஒரு நாட்டில் கிளம்பி இன்னொரு நாட்டில் முடிகிறது. இவரோ ஏறுகிற ஊருக்கே போகவர டிக்கெட் போட்டுவிட்டார். கிளம்பச் சில நாள் இருக்கும்போதுதான் உறைத்தது. “மாமா, ஒரு சின்ன விஷயம்” என்று வந்து நின்றார். கேப்டன் ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, விமானக் கம்பெனியோடு நாளெல்லாம் பேசி, திரும்பும் பாதி டிக்கெட்டை மாற்றி வாங்கிவிட்டுத்தான் எழுந்தார். வீட்டுக்குள்ளிருந்தே போன் பேசுவதற்குச் சட்டை எதற்கு என்று நர்சம்மா கேட்கவில்லை. சில வேலைகளை அவர் சட்டை போட்டுக்கொண்டுதான் செய்வார்.

சொந்தப் பயணம் என்று வரும்போதுதான் வண்டி நகராது. முதல் வருஷம் எல்லாம் கூடிவந்த வேளையில், அறைக்கு மேலே ஆட்கள் ஓடிப் பழகும் பாதை இருப்பதைக் கண்டுபிடித்து விட்டுவிட்டார். அடுத்த வருஷம் விமானம் மாறும் ஊரில் அவகாசம் போதாது என்றார். அதற்கடுத்து வந்த பயணத்தில் குறை சொல்ல ஒன்றுமே அகப்படவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, “அடுத்த வருஷம் இதைவிடப் புதுக் கப்பல் வருதாம், பொறுத்துப் போவோம்” என்றார். நர்சம்மா சரி என்றார். வார்டில் எத்தனையோ பேர் ஆபரேஷனுக்கு முந்தின நாள் சளி பிடித்திருக்கிறது என்று தள்ளிப்போடுவதைப் பார்த்தவர் அவர். பயத்தின் முகம் அவருக்குப் புதிதில்லை. ஆனால் எதைக் கண்டு பயம் என்பதுதான் பிடிபடவில்லை.

இந்த வருஷம் பொறுக்க வழியில்லை. மகளுக்குப் பிரசவம் நெருங்குகிறது. குழந்தை வந்துவிட்டால் மகள் வேலைக்குப் போக, வளர்க்கிற பொறுப்பு நர்சம்மாவுக்கு. நர்சம்மாவுக்கு அதில் சந்தோஷம்தான், ஆனாலும் அது சில வருஷக் கணக்கு. வலது முழங்கால் இப்போதே படியேறும்போது முனகுகிறது. தலைமை நர்சிடம் மன்றாடி, பிரசவத்துக்கு முன்னால் ஒரு விடுப்பு வாங்கியிருந்தார். விடுப்புத் தேதிக்குள் கிளம்பும் கப்பல்களில் இடம் குறைந்துகொண்டே வந்தது. கேப்டன் தினமும் பார்த்தார். தினமும் ஏதாவது ஒரு குறை சொன்னார். இந்த வாரம் போனால் போனதுதான் என்று நர்சம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் யாரும் கேட்கவில்லை.

பால்கனியில் கேப்டன் யாரோ ஒரு சம்பந்தியிடம், “நீங்க எதுக்காகப் போறீங்க? ஊர் பாக்கவா, உடம்பு ஆறவா? அதைச் சொல்லுங்க முதல்ல” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது அவருடைய இரண்டாவது கேள்வி. எல்லாரிடமும் கேட்பதுதான். நர்சம்மா கத்தியைக் கீழே வைத்தார். அந்தப் பேச்சு முடியும்வரை காத்திருந்து, சமையலறையிலிருந்தே தன் போனில் கேப்டனைக் கூப்பிட்டார்.

கேப்டன் திரையைப் பார்த்தார். சமையலறை ஜன்னலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்தார்.

“ஏறுற ஊரும் இறங்குற ஊரும் ஒண்ணுதானா, பாத்தீங்களா?”

“அந்த அளவுக்கே போகல சார். வீட்டுக்காரரோட போகணும். அவரு அசைய மாட்டேங்கிறாரு.”

“ஏன், உடம்பு சரியில்லையா?”

“கல்லு மாதிரி இருக்காரு. நாலு வருஷமா கப்பல் பாக்குறாரு. எல்லாத்துலயும் ஒரு குறை.”

“குறை இருந்தா சொல்லத்தானே செய்வாங்க.”

“மத்தவங்களுக்கு அதே கப்பலை நல்லாருக்குன்னு சொல்றாரு சார்.”

கேப்டன் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாக அவருடைய பின்னந்தலை மட்டும் நர்சம்மாவுக்குத் தெரிந்தது. முடிவெட்டப் போக வேண்டும் என்று போன வாரமே சொல்லியிருந்தார், போகவில்லை.

“எனக்கு என்ன தோணுதுன்னா,” என்று கேப்டன் மெல்ல ஆரம்பித்தார். “ஊரே போயிட்டு வந்து, நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சுன்னு அந்தாள்கிட்ட சொல்லுது. அவரு போய்ப் பாத்து, அப்படி இல்லன்னு வைங்க. சாப்பாட்டுக் கூடத்துல தட்டைக் கையில வெச்சுக்கிட்டு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னாருன்னு வைங்க. அப்புறம் யாருக்கும்மா அவரு சொல்லிக் குடுக்கறது?”

நர்சம்மாவுக்குக் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. இத்தனை நாள் இதையா நெஞ்சில் வைத்திருந்தார் என்று இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கிற நாள் இதுவல்ல.

“முழிக்கட்டுமே சார். நான் பக்கத்துலதான் நிப்பேன், நானும் சேந்து முழிக்கிறேன்” என்றார். “இன்னொண்ணும் இருக்கு. அவரு போட்ட ப்ளான்ல எல்லாம் இருந்துச்சு. நான் மட்டும்தான் இல்ல. எல்லாரையும் கேக்கறதை என்னை ஒருநாளும் கேக்கல.”

கீழே தெருவில் யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர் கிளம்ப மறுத்து இருமிக்கொண்டிருந்தது.

“நீங்க எதுக்காகப் போறீங்க?” என்று கேப்டன் கேட்டார். “ஊர் பாக்கவா, உடம்பு ஆறவா?”

“எங்க பாத்தாலும் தண்ணி தெரியணும் சார். இறங்க ஒரு ஊரும் வேண்டாம். யாரும் என்னை சிஸ்டர்னு கூப்பிடக் கூடாது. ஒரு சாய்வு நாற்காலி, பக்கத்துல ஒண்ணு அவருக்கு. காப்பியை வேற யாராவது கொண்டாந்து குடுக்கணும். அவ்வளவுதான்.”

தினம் ஒரு துறைமுகம் என்று வரிசையாக ஊர்கள் அடைத்த கப்பல்களைத்தான் கேப்டன் இவ்வளவு காலமும் நர்சம்மாவுக்காகப் பார்த்து வைத்திருந்தார். நடுக்கடலிலேயே நாள் கழியும் கப்பல் எது வந்தாலும், “இது வெட்டி நாள், காசைக் குடுத்துட்டு வானத்தைப் பாக்கறதா?” என்று தள்ளிவிடுவார். காலி பீரியட் விட்டு அட்டவணை போட்டுப் பழக்கமில்லாத கை. முப்பது வருஷத்துக்கு மேல் காலில் நின்றே சம்பாதித்த மனுஷிக்கு அந்தக் காலி பீரியட்தான் வேண்டியிருக்கிறது என்று அவருக்கு ஏனோ தோன்றவே இல்லை.

“லைன்ல இருங்கம்மா” என்றார் கேப்டன். மடிக்கணினியில் தட்டும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தட்டினார்.

“ஒண்ணு இருக்கு. உங்க லீவுக்குள்ள வருது. சேர்ந்தாப்புல அஞ்சு நாள் தண்ணிதான். ஆனா மிச்சமிருக்கறது லிஃப்ட் பக்கத்து ரூம். டங்கு டங்குன்னு சத்தம் கேக்கும்.”

“கேக்கட்டும்.”

“ஃப்ளைட் நாமளே போடணும். முந்தின நாள் போய் இறங்குற மாதிரி ஒண்ணு இருக்கு. மாறுற ஊர்ல பாதி ராத்திரி பெஞ்சுல உக்காரணும்.”

“நான் பாக்காத நைட் டியூட்டியா சார்?”

கேப்டன் சிரித்துவிட்டார். போனில் ஒன்றும் பால்கனியிலிருந்து ஒன்றுமாக அந்தச் சிரிப்பு இரண்டாகக் கேட்டது. நர்சம்மா போனை வைத்து, அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுப் பால்கனிக்குப் போனபோது, கேப்டன் முதலில் கப்பலுக்குப் பணம் கட்டி முடித்துவிட்டு விமானத்துக்குக் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தரம் சரிபார்த்தார். நர்சம்மா உதவிக்குப் போகவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் கேப்டன், “போட்டாச்சு” என்றார். வேறு யாருக்கோ போட்டதுபோல அல்லாமல், கொஞ்சம் பயந்த குரலில் சொன்னார்.

உடனே எழுந்து படுக்கையறைக்குப் போனார். கிளம்ப இன்னும் எத்தனையோ நாள் கிடக்கிறது. என்ன செய்யப்போகிறார் என்று நர்சம்மா பின்னாலேயே போனார். கேப்டன் முக்காலி மேல் ஏறி, அலமாரியின் தலையில் பழைய போர்வை போட்டு மூடியிருந்த பெரிய பெட்டியை இறக்கிக் கட்டிலில் வைத்தார். ஓய்வு பெற்ற வருஷம் கடைக்குள்ளேயே இரண்டு சுற்று உருட்டிப் பார்த்து அவரே வாங்கிவந்த பெட்டி அது. பூட்டைத் தள்ளித் திறந்தார். பெட்டி நசுங்காமல் இருக்கக் கடைக்காரர் உள்ளே திணித்த கசங்கிய காகிதங்கள் அப்படியே இருந்தன. கேப்டன் குனிந்து, அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட ஆரம்பித்தார்.