எஸ்தர் மறித்த லாரி

காந்திபுரத்தில் பேருந்துக்கு நின்றபோது கைபேசியில் செய்தி வந்தது. எங்கள் பவுண்டரியின் பழைய ஊழியர்கள் குழுவில் எஸ்தரின் படம், கீழே ‘கண்ணீர் அஞ்சலி’. முதல் ஆளாகக் கைகூப்பியிருந்தவர், அவரை வேலையை விட்டு ஓட்டிய மேலாளர். எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. குழுவில் இருக்கும் நீங்களும் அடுத்தடுத்து எழுதினீர்கள்: அமைதியானவர், எல்லாரையும் அனுசரித்துப் போனவர். யாரைப் பற்றி எழுதுகிறீர்கள்? எஸ்தர் யாரை அனுசரித்தார்?

அவர் எங்கள் வடிவமைப்புப் பொறியாளர். பக்கத்து மேசை எனக்கு. ரயில் எஞ்சினின் உடம்பைத் தாங்கி, சக்கரங்களைப் பிடித்துக்கொண்டு ஓடுவது போகி. அதன் எஃகுச் சட்டத்தை வார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. போகியைப் பற்றி எஸ்தர் பேச ஆரம்பித்தால் கேன்டீன் டீ ஆறி ஆடை கட்டிவிடும். பழைய போகிகளில் நடுவில் ஒரே ஒரு முளை. எஞ்சினின் பாரத்தையும் அதுவே சுமக்கும், இழுவையையும் அதுவே வாங்கும். பிறகு வந்தவர்கள் பாரத்தைப் பக்கவாட்டு ரப்பர் மெத்தைகளுக்கும் ஸ்பிரிங்குகளுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். இழுவைக்கென்று தாழ்வாகத் தனித் தண்டு வைத்தார்கள். “அத்தனையும் ஒருத்தன் தலையில கட்டுனா ஒடையாம என்னங்க பண்ணும்? இது புரியறதுக்கு இத்தன காலம் ஆயிருக்குது பாருங்க” என்பார், அந்தப் பழைய ஆட்கள் எதிரே நிற்பதுபோல் முறைத்துக்கொண்டு.

குறுக்குத் தண்டு பக்கச் சட்டத்தோடு சேரும் மூலை அவருக்கு ஜென்ம விரோதி. மூலை கூராக இருந்தால் ஓட்டத்தின் அதிர்வெல்லாம் அங்கே போய்க் குவியும், விரிசல் அங்கேதான் பிறக்கும். அதை நன்றாக உருட்டி எடுக்கச் சொல்லி வார்ப்புக்கு மாதிரி செதுக்கும் பேட்டர்ன் பிரிவோடு அவர் போடாத சண்டையில்லை. “எஸ்தரம்மா வர்றாங்க, மூலைய ஒளிச்சு வெய்ங்கடா” என்று கிண்டலடிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு மறுபடி அளப்பார்.

ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், காந்தப்பொடி தூவிச் சோதித்தபோது ஒரு சட்டத்தில் அதே மூலையில் மயிரிழை விரிசல் தெரிந்தது. எஸ்தர் மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டார். வட்டம் விழுந்த சரக்கு வெளியே போகாது என்பது எங்கள் வழக்கம். பூஜையன்று எல்லாவற்றையும் பக்தியோடு கழுவித் துடைத்தோம். வட்டமும் போனது. அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் ஏறின. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. விடுமுறை முடிந்த காலையில் அந்தச் சட்டம் லாரி ஏறிவிட்டது.

எஸ்தர் வந்து பார்த்தார், இடம் காலி. ஸ்கூட்டரை எடுத்தார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். கருமத்தம்பட்டியில் டீக்கடை முன்னால் லாரி நின்றிருந்தது. பம்பரை ஒட்டிப் போய் நின்றுகொண்டார்.

“ஏனுங்க அம்மணி, பூஜை போட்ட சரக்குங்க. மறிக்காதீங்க” என்றார் ஓட்டுநர்.

“பூஜை போட்டா விரிசல் கூடிக்குமுங்களா? வண்டியத் திருப்புங்க.”

திருப்பினார். எஸ்தர் குங்குமத்தைத் துடைத்துவிட்டு எல்லார் முன்னாலும் மறுபடி சோதித்துக் காட்டினார். விரிசல் அப்படியே இருந்தது.

கைகூப்பி நன்றி சொல்லியிருக்க வேண்டும். மேலாளர் சொன்னதோ, எஸ்தர் கிறிஸ்தவர் என்பதைக் குத்திக்காட்டி, “வேதக்கார அம்மா சாமி குங்குமத்தத் தொடச்சுப்போட்டாங்க.” சாயங்காலத்துக்குள் பவுண்டரி முழுக்க அதே பேச்சு. விரிசலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் எல்லாரையும் கூட்டி வைத்து, மன்னிப்புக் கேளுங்கள், இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போங்கள் என்றார். எஸ்தர் மேலாளரை நேராகப் பார்த்துச் சொன்னார்.

“அந்த எஞ்சின் இழுக்கற ரயில்ல கொடுமுடிக்குச் சாமி கும்பிடப் போறவங்களும் உக்காந்திருப்பாங்களுங்க. அவிங்களுக்காகத்தான் தொடச்சேன். மன்னிப்பு எதுக்குங்க?”

அன்றே கிளம்பிவிட்டார். அதன்பின் போகி வடிவமைக்கும் வேலை அவருக்கு எங்கும் கிடைக்கவில்லை. பம்ப் கம்பெனிகளுக்கு மூடி வரைந்து கொடுத்தே மிச்சக் காலம் போனது. அத்தனை அறிவும் அப்படி வீணாய்ப் போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அடக்கத்தன்று மேலாளர் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். எஸ்தரின் கணவர் தாமஸ் அதிகம் பேசாத மனிதர். வாசலிலேயே நிறுத்தினார்.

“ஏனுங்க, அன்னைக்கு இவள மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்க. இன்னைக்கு நீங்க கேட்டுப்போட்டு மாலையப் போடுங்க.”

“போனவங்க விசயத்துல பழச எதுக்குங்க கிளறோணும்?”

“அப்ப மாலையும் வேண்டாமுங்க.”

மேலாளர் எங்கள் முகங்களைப் பார்த்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தைதான் சொல்லியிருக்க வேண்டும். மாலையைச் சுருட்டிக்கொண்டு காருக்குத் திரும்பினார். உள்ளே ஜெபம் தொடங்கியது.

எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்கும்வரை இதை வைத்திருப்பேன். கேட்காவிட்டால், என் கடைசிவரை.