கன்ஃபோகல் பார்த்த குங்குமம்

ஆயுத பூஜை முடிந்த வாரம் எங்கள் படங்களில் சிவப்புத் திட்டுகள் தெரிய ஆரம்பித்தன. கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஓர் அரசு ஆய்வுக்கூடம். அங்கே கன்ஃபோகல் மைக்ராஸ்கோப்புக்கு நான் பொறுப்பு. திசுவைச் சீவாமலே லேசரால் அடுக்கடுக்காகப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் முழு உருவமாகக் கட்டித் தரும் இயந்திரம் அது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம். சென்னையிலிருந்து வரவேண்டிய சர்வீஸ் இன்ஜினியர் உளுந்தூர்பேட்டை மறியலில் மாட்டிக்கொண்டார். இயந்திரத்தைக் குறை சொல்ல ஆள் வராததால் இயக்குநர் மனிதரைத் தேடினார். கைக்கெட்டும் தூரத்தில் செல்வி இருந்தார்.

செல்வி கல்வராயன் மலைக்காரர். திசுவுக்குச் சாயமேற்றுவது அவர் வேலை. மலைவாழ் மக்களுக்கான ஒதுக்கீட்டு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பணி நிரந்தரமாக ஒரு மாதம்தான் பாக்கி.

"கோட்டாவுல வந்தா இப்டித்தான். மிச்சச் சாயத்த ஒழுங்கா கழுவல. வேலைய வுட்டு அனுப்ப ஆர்டர் டைப் பண்ணுங்க" என்றார் இயக்குநர், கிளார்க்கிடம். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில், தங்கள் சாதிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு கேட்கும் போராட்ட நோட்டீஸ் பத்திரமாக இருந்தது.

மூன்று தடவை கழுவியதாகச் செல்வி சொல்லிப் பார்த்தார். நான் தலையாட்டினேன், இயக்குநர் பேச்சுக்கு.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மத்தியானம் அதே ஸ்லைடை வைத்து, குறைந்த பவர் லென்ஸில் மேலிருந்து கீழாக நாற்பது அடுக்கு எடுத்து, உருவத்தைப் பக்கவாட்டில் திருப்பினேன். கீழே திசு பச்சையாக, சுத்தமாக. அதன் மேல், திசுவை மூடியிருக்கும் கவர் கண்ணாடியின் இருட்டு. கழுவாத சாயமென்றால் கண்ணாடிக்குக் கீழே இருக்க வேண்டும்; சிவப்போ அந்தக் கண்ணாடிக்கும் மேலே கிடந்தது. நிமிர்ந்து லென்ஸைப் பார்த்தேன். பூஜையன்று இயக்குநர் தம் கையாலேயே லென்ஸ் குழாயில் வைத்த குங்குமப் பொட்டு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு சிட்டிகையை வெறும் ஸ்லைடில் போட்டு லேசரைக் காட்டினேன். அதே சிவப்பு, ஜெகஜ்ஜோதியாக.

படத்தை இயக்குநரிடம் காட்டினேன். ஆர்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாமி விஷயம், ரிப்போர்ட்டில் எழுத வேண்டாம் என்றார். மன்னிப்பு எந்த அடுக்கிலும் தென்படவில்லை. மறுநாள் சுற்றறிக்கை வந்தது: சாயப் பிரிவினர் இனி தினமும் லென்ஸைத் துடைக்க வேண்டும்.

செல்வி நிரந்தரமானார். ஏதோ நானே வேலை வாங்கிக் கொடுத்த மாதிரி பெருமையாக அவரிடம் போய்ச் சொன்னேன்.

"மெஷின் சொன்னா நம்புறீங்க" என்றார். "நான் சொன்னப்ப நீங்களும் தலைய ஆட்டிக்கினுதானே நின்னீங்கண்ணா?"

இன்றும் வெட்கமாக இருக்கிறது. இந்த இயந்திரத்தின் முன் புதிதாக உட்காரும் பிள்ளைகளே, நாற்பது அடுக்கு எடுக்கும் முன், ஸ்லைடு செய்தவர் சொல்வதை ஒரு தடவை காது கொடுத்துக் கேளுங்கள்.